வாக்ஸா, சீலன்றா, செராமிக்கா? திரும்ப எடுக்கக்கூடியதை முதலில பூசுங்கோ



போன எபிசோட்ல சொப்ட்வெயர் அப்டேற் பற்றிக் கதைச்சுக்கொண்டு இருக்கேக்க, நடுவில சும்மா ஒரு கதை விட்டன்: கார் கழுவிற ஞாயிற்றுக்கிழமையில நான் லப்டொப்பைத் தொடமாட்டன் எண்டு. அதுக்குப் பிறகு வந்த வொய்ஸ் நோட்டில பாதி சொப்ட்வெயரைப் பற்றியே இல்லை. எல்லாம் கார். ஈஸ்ற்ஹாமில இருந்து ஒரு தங்கச்சி கேட்ட கேள்விதான் இந்த மடலுக்குக் காரணம்: "அண்ணா, கடையில ஒரு சுவர் முழுக்கப் போத்தல் அடுக்கி வைச்சிருக்கிறாங்கள். ஒண்டில வாக்ஸ் எண்டு இருக்கு, ஒண்டில சீலன்ற், ஒண்டில செராமிக். எல்லாத்திலயும் 'பளபளப்பு, பாதுகாப்பு' எண்டுதான் எழுதியிருக்கு. நான் எதைப் பாத்து எடுக்கிறது?"

நல்ல கேள்வி. இதுக்கு நான் பிழையான விடை எடுத்து, அந்தப் பிழையை அப்பாவின்ர காரில பூசினவன். அந்தக் கதையில இருந்தே தொடங்குவம்.

அப்பாவின்ர யாரிஸ்

எங்கட வீட்டு வாசலில கடும் நீல நிறத்தில ஒரு ரொயோட்டா யாரிஸ் நிக்குது. 2008 மொடல், பெற்றோல். அப்பா பெற்றோல் ஸ்ரேசனில இரவு வேலை செய்து சேர்த்த காசில, செக்கன்ட் ஹான்டா வாங்கினவர். 2023 ஓகஸ்ற் 29 ஆம் திகதி யூலெஸ் லண்டன் முழுக்க வந்தபோது எங்கட தெருவில நிண்ட பழைய டீசல் கார்கள் ஒவ்வொண்டாக் காணாமல் போச்சு. ஓடிற ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண் கட்ட ஆருக்கு மனம் வரும்? யாரிஸ் யூரோ 4 பெற்றோல் எண்டபடியால் தப்பிச்சுது. அண்டைக்கு அப்பா சொன்னது ஒண்டுதான்: "பாத்தியளோ, பழசு பழசு எண்டனீங்கள்."

அவர் ஒவ்வொரு ஞாயிறும் அதைக் கழுவுவார். கோப்பை கழுவிற லிக்குவிட், ஒரு மஞ்சள் பஞ்சு, ஒரு வாளி தண்ணி. எனக்கு அதைப் பாக்கவே ஏலாது. கொம்பியூட்டர் சயன்ஸ் படிச்சவனுக்கு எல்லாத்துக்கும் ஒரு "சரியான முறை" இருக்கு எண்டு நினைக்கிற ஒரு வருத்தம் இருக்கு. முதல் கொன்ராக்ற் காசு வந்த மாதம், விலை கூடின செராமிக் கோட்டிங் ஒண்டு வாங்கினன். சின்னப் போத்தல், கறுத்தப் பெட்டி, 9எச் எண்டு பெரிய எழுத்து. ஒரு ஜூன் மாத மாலை, தெருவில, வெயில் இறங்க முதல், சூடு ஆறாத பொனற்றில முழுசாப் பூசினன். நடுவில வேலை இடத்தில இருந்து ஒரு போன். பத்து நிமிசம் கதைச்சிட்டுத் திரும்பி வந்து துடைச்சா, துணி வழுக்கேல்லை, ஒட்டுது.

அடுத்த நாள் காலமை பாத்தா பொனற் முழுக்கத் திட்டுத் திட்டா, தண்ணியில மண்ணெண்ணெய் படிஞ்ச மாதிரி. கழுவினன், போகேல்லை. அல்ககோல் போட்டுத் துடைச்சன், போகேல்லை. கடைசியா, கார் டீற்றெயிலிங் செய்யிற தமிழ் அண்ணா ஒருத்தரிட்டக் கொண்டு போனன். அவர் ஒரு சின்ன மீற்றரை எடுத்து முதலில கூரையில வைச்சார்: 110. பிறகு பொனற்றில வைச்சார்: 80 ஐத் தாண்டேல்லை. "தம்பி, இதை முந்தி வைச்சிருந்தவை ஆரோ மெசின் போட்டு நல்லாத் தேய்ச்சிருக்கினம். நீங்கள் பூசினதை எடுக்க நானும் கொஞ்சம் தேய்க்கத்தான் வேணும். ஆனா இதுக்குப் பிறகு ஆரும் இந்தப் பொனற்றை மெசினால தொடப்படாது."

அண்டைக்குத்தான் எனக்கு விளங்கிச்சுது, நான் காப்பாத்த வேண்டிய பொருள் எது எண்டு.

முதல் பாடம்: எதைக் காப்பாத்திறம்?

இண்டைக்கு ரோட்டில ஓடிற கனக்க காரில பெயின்ற் ஒரு படை இல்லை. உலோகத்துக்கு மேல பிறைமர், அதுக்கு மேல நிறம், எல்லாத்துக்கும் மேல நிறமே இல்லாத ஒரு கண்ணாடிப் படை. அதுதான் கிளியர் கோட். எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 100 முதல் 150 மைக்ரான். அதில கிளியர் கோட் ஏறக்குறைய 40, 50 மைக்ரான். தலைமயிர் ஒண்டு சுமார் 70 மைக்ரான் தடிப்பு. அதாவது, உங்கட காரின்ர மினுக்கம் முழுக்க ஒரு மயிரிழையை விட மெல்லிய படையில நிக்குது.

இந்தப் படைக்கு ஒரு குணம் இருக்கு: அது குறையும், கூடாது. கீறல் எடுக்க பொலிஷ் பண்ணினா, கீறலின்ர அடிமட்டம் வரைக்கும் சுத்திவர இருக்கிற கிளியர் கோட்டைத் தேய்க்கிறம், அவ்வளவுதான். கீறல் நிரம்பிறேல்லை, பக்கத்து மேடு இறங்குது. சேமிப்பில இருந்து எடுக்கிற காசு மாதிரி. போட வழியில்லை, எடுக்க மட்டும்தான் வழி. முழுக்கக் கரைஞ்சா, பெயின்ற் அடிக்கிற கடைதான்.

வாக்ஸ், சீலன்ற், கோட்டிங் எல்லாம் இந்தச் சேமிப்புக்கு மேல போடுற மெல்லிய போர்வை. நாங்கள் பூசிற வாக்ஸ் படை துடைச்ச பிறகு ஒரு மைக்ரான் அளவு கூட வராது. அதால கல் பட்டா தடுக்காது, திறப்பால கீறினா தடுக்காது. அது செய்யிறது வேற: ஊத்தை ஒட்டாமல் வழுக்க விடும், தண்ணியை உருட்டி விடும், காகம் இருந்த இடத்தில நீங்கள் வந்து துடைக்கும் வரைக்கும் கொஞ்ச நேரம் வாங்கித் தரும். ஊத்தை லேசாப் போனா நீங்கள் அழுத்தித் தேய்க்கத் தேவையில்லை. தேய்ப்பு குறைஞ்சா கீறல் குறையும். கீறல் குறைஞ்சா பொலிஷ் தேவையில்லை. போர்வையின்ர உண்மையான லாபம் இந்தச் சங்கிலிதான்.

ரெண்டாவது பாடம்: மூண்டு குடும்பம்

சுவர் முழுக்கப் போத்தல் இருந்தாலும் உள்ளுக்க மூண்டு குடும்பம்தான்.

முதலாவது வாக்ஸ், எங்கட சொல்லில மெழுகு. இதில பேர் போனது கார்னோபா. அது பிரேசிலின்ர வடகிழக்கில, சியாரா, பியாவுயி போன்ற மாநிலங்களில வளர்ற ஒரு பனையின்ர இலையில இருந்து வருது. யாழ்ப்பாணத்துப் பனைக்குச் சொந்தக்கார மரம். அதே விசிறி ஓலை. காய்ஞ்ச காலத்தில ஓலையில இருக்கிற தண்ணி ஆவியாப் போகாமல் இருக்க மரம் தானே மெழுகு பூசிக்கொள்ளுது. ஓலையை வெட்டி, வெயிலில காய வைச்சு, அடிச்சுத் தூளா எடுக்கிறாங்கள். இதின்ர மவுசு எவ்வளவு எண்டா, 1935 இல அமெரிக்க மெழுகுக் கம்பனி ஒண்டின்ர தலைவர், எச். எப். ஜோன்சன், இந்த மரத்தைத் தேடி விஸ்கொன்சினில இருந்து பிரேசில் வரைக்கும் தன்ர விமானத்தில பறந்து போனவர். நீங்கள் சாப்பிடுற இனிப்பின்ர மினுக்கமும் இதுதான்: பக்கற்றின்ர பின்பக்கத்தில ஈ903 எண்டு இருக்கும்.

கார்னோபா உருகிறது 82 முதல் 86 பாகையில. ஆனா தனியா அது செங்கல் மாதிரி இறுக்கம், பூச ஏலாது. எண்ணெய், கரைப்பான், வேற மெழுகு எல்லாம் கலந்தால்தான் டப்பாவில பசையா வரும். அதால "நூறு வீதம் கார்னோபா" எண்டு மூடியில போட்டிருந்தா, டப்பா முழுக்க அது எண்டு எடுக்காதேங்கோ. நல்ல மினுக்கம் தரும், முக்கியமாக் கடும் நிறத்தில. ஆயுள் சில கிழமையில இருந்து ரெண்டு மூண்டு மாதம். கொலினைற் 476எஸ் போல, மினுக்கத்தை விட ஆயுளை நோக்கிச் செய்த இறுக்கமான வாக்ஸும் இருக்கு. அது ஒரு குளிர்காலம் தாக்குப் பிடிக்கும் எண்டு இங்க கனபேர் நம்பி வாங்கிறவை.

ரெண்டாவது சீலன்ற். இது மரத்தில இருந்து வாறேல்லை, லாப்பில செய்த பொலிமர். கனக்க சீலன்றில இருக்கிறது சிலிக்கோன் வகை. அதின்ர ஒரு முனை பெயின்ற்றைப் பிடிக்கும், மற்றப் பக்கம் தண்ணியைத் தள்ளும். ஹேர்ட்போர்ட்ஷயரில, லெச்வேர்த்தில இருக்கிற ஒட்டோகிளிம் கம்பனியின்ர எக்ஸ்ட்ரா கிளொஸ் புரொடெக்ஷன் இதுக்கு ஒரு உதாரணம். மினுக்கம் வாக்ஸை விடக் கொஞ்சம் "கண்ணாடித்தனமா" இருக்கும். ஆயுள் நாலைஞ்சு மாதம்.

மூண்டாவது செராமிக் கோட்டிங். போத்தலில திரவம், பூசினா காத்தில இருக்கிற ஈரத்தோட சேர்ந்து இறுகிக் கண்ணாடி போல ஒரு வலையாகும். ஒழுங்காப் போட்டா வருசக்கணக்கில நிக்கும். ஆனா அதை எடுக்கிறதுக்கு பொலிஷ் போட்டுத் தேய்க்கிறதைத் தவிர லேசான வழி இல்லை. தேய்ச்சா என்ன போகும்? கிளியர் கோட். என்ர பொனற் சாட்சி.

ரெண்டு எச்சரிக்கை. முதலாவது: சுப்பர்மார்க்கெற்றில 10, 15 பவுணுக்கு விக்கிற "செராமிக் ஸ்பிறே" இந்த மூண்டாவது குடும்பம் இல்லை. அது கொஞ்சம் சிலிக்கா சேர்த்த சீலன்ற். கூடாது எண்டு சொல்லேல்லை, பூச லேசு, சில மாதம் நிக்கும். பேரைப் பாத்து மயங்காதேங்கோ, அவ்வளவுதான். ரெண்டாவது: 9எச். இது வைரத்துக்குக் கிட்ட எண்டு நினைச்சுத்தான் நானும் வாங்கினன். அது பென்சில் சோதனை. பூச்சில ஒவ்வொரு பென்சிலா அழுத்தித் தள்ளிப் பாத்து, எது கீறுது எண்டு பாக்கிறது. 9எச் எண்டா பென்சில் பெட்டியில இருக்கிற ஆக இறுகின பென்சில். மோஸ் அளவையில வாற 9 வேற, அது நீலக்கல்லின்ர இடம். ரோட்டு மண்ணில இருக்கிற குவார்ட்ஸ் மோஸ் அளவையில 7. எந்தப் பென்சிலையும் விட அது இறுக்கம். ஊத்தைப் பஞ்சால தேய்ச்சா 9எச்சும் கீறும்.

மூண்டாவது பாடம்: தாமரை இலைத் தண்ணி

அம்மம்மா சொல்லுவா, "தாமரை இலைத் தண்ணி மாதிரி இரு" எண்டு. ஒட்டாமல் இரு எண்டு கருத்து. 1997 இல பொன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்த்லொற், நைன்ஹுயிஸ் எண்ட ரெண்டு தாவரவியலாளர் அந்த இலையை மைக்ரோஸ்கோப்பில பாத்து எழுதினது பிரபலம். இலையில மெழுகு மட்டும் இல்லை, கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மேடுகளும் இருக்கு. ரெண்டும் சேர்ந்துதான் தண்ணி முத்தா உருளுது, போற வழியில ஊத்தையையும் தூக்கிக்கொண்டு போகுது.

கார் பெயின்ற் வழவழப்பு, மேடு இல்லை. அதால எந்த மெழுகு பூசினாலும் தாமரை இலை ஆகாது. மழை பெய்ய முத்து முத்தா நிக்கும், கொஞ்சம் உருளும், ஆனா "தானே சுத்தமாகிற கார்" எண்டு ஒண்டும் இல்லை.

இன்னொண்டு. முத்து நிக்குது எண்டா பாதுகாப்பு இருக்கு, நிக்கேல்லை எண்டா போச்சு எண்டு நாங்கள் நினைக்கிறம். அப்பிடி இல்லை. சில நேரம் மேல படிஞ்ச ஊத்தைதான் முத்தைத் தட்டையாக்கும்; கீழ மெழுகு நல்லாத்தான் இருக்கும். அதால நல்ல கார் ஷாம்பூவால ஒருக்காக் கழுவி, அலசி, பிறகு தண்ணி ஊத்திப் பாத்துத்தான் முடிவெடுங்கோ. லொக் பாக்காமல் சேர்வர் விழுந்திட்டுது எண்டு சொல்லக்கூடாது தானே.

லண்டன் தண்ணிக்கும் ஒரு குணம் இருக்கு. எங்கட கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியிறதைப் பாருங்கோ, சுண்ணாம்பு. வெயிலில முத்து அப்பிடியே காய்ஞ்சா, ஒவ்வொரு முத்துக்கும் ஒரு வெள்ளை வளையம். முத்து வடிவா நிக்கிற காரிலதான் இது கூடத் தெரியும். அதால அலசின உடனே பெரிய மைக்ரோபைபர் துவாயால ஒத்தி எடுங்கோ.

நாலாவது பாடம்: கார் எங்க வாழுது?

கடைக்குப் போக முதல் இந்த நாலு கேள்விக்கும் விடை எழுதுங்கோ. வேலையில ரிக்குவயர்மென்ற் எழுதாமல் கோட் எழுதினா என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும்.

ஒண்டு: இரவில எங்க நிக்குது? கராஜுக்குள்ள எண்டா எதுவும் சரி. ஆனா எங்களில கனபேருக்குத் தெருப் பார்க்கிங்தான். லைம் மரத்துக்குக் கீழ நிக்கிற காரில கோடை காலத்தில பிசுபிசு எண்டு ஒட்டும். மரத்தில இருக்கிற அசுவுணிப் பூச்சி விடுற இனிப்புத் தண்ணி அது. ரேணர்ஸ் லேன், சட்பரி மாதிரி ரயில் பாதைக்குக் கிட்ட இருந்தா, தண்டவாளத்தில இருந்து இரும்புத் தூள் பறந்து வந்து குத்தி நிக்கும். குளிர் காலத்தில ரோட்டு உப்பு எல்லாருக்கும் பொது. இப்பிடி நிக்கிற காருக்கு ஆயுள் கூடின சீலன்ற், இல்லாட்டி இறுக்கமான வாக்ஸ் பொருந்தும்.

ரெண்டு: எத்தினை நாளைக்கு ஒருக்காக் கழுவுவியள்? உண்மையைச் சொல்லுங்கோ. ரெண்டு கிழமைக்கு ஒருக்கா, விருப்பத்தோட எண்டா வாக்ஸ் உங்களுக்குச் சந்தோசம் தரும். மூண்டு மாதத்துக்கு ஒருக்கா எண்டா சீலன்ற். செராமிக் போட்டா கழுவத் தேவையில்லை எண்டு ஆரும் சொன்னா, சிரிச்சிட்டு வாங்கோ.

மூண்டு: தண்ணி எப்பிடி? பிளாற்றில இருக்கிறவைக்கு ஹோஸ் இல்லை. ஹோஸ் இருந்தாலும், 2022 ஓகஸ்ற் 24 இல தேம்ஸ் வோட்டர் தடை போட்டது மாதிரி வரலாம், அப்ப வாளிதான். வாளி மட்டும் எண்டா அலசத் தேவையில்லாத திரவம் ஒண்டும், கன துவாயும் வேணும். பூச்சும் லேசானதா எடுங்கோ, ஈரக் காரில அடிச்சுத் துடைக்கிற ஸ்பிறே சீலன்ற் போதும்.

நாலு: பிழைச்சா என்ன செய்வியள்? இதுதான் ஆரும் கேக்காத கேள்வி. வாக்ஸ் பிழைச்சா இன்னொரு கை வாக்ஸ் போட்டுத் துடைச்சா சரி, இல்லாட்டி காலம் தானே எடுத்துவிடும். சீலன்ற் பிழைச்சாலும் அநேகமாக் கழுவலிலயும் பனல் வைப்பிலயும் போகும். செராமிக் பிழைச்சா கிளியர் கோட்டில இருந்துதான் கட்டவேணும். ரோல்பாக் இல்லாத அப்டேற்றை வெள்ளிக்கிழமை பின்னேரம் போடுவியளோ? அப்ப, முதல் தரம் பூசிறவர் ஏன் அதில இருந்து தொடங்கவேணும்?

என்ர முடிவு இது. முதல் தரம் செய்யிறீங்கள், தெருவில நிக்கிற கார் எண்டா: ஒரு நல்ல சீலன்ற். கை பழகின பிறகு, மினுக்கம் வேணும் எண்டா அதுக்கு மேல வாக்ஸ். செராமிக் போடத்தான் வேணும் எண்டா, கூரைக்குக் கீழ, வெளிச்சத்தோட, ஒரு முழு நாள் ஒதுக்கிற இடத்தில, தெரிஞ்ச ஆளைக் கொண்டு போடுங்கோ.

அஞ்சாவது பாடம்: பூசிற ஒழுங்கு

1. முதலில அலசுங்கோ. பிறகு ரெண்டு வாளி: ஒண்டில ஷாம்பூ, மற்றதில வெறும் தண்ணி. கையுறையை ஒவ்வொரு தரமும் வெறும் தண்ணியில அலசிப்போட்டுத்தான் ஷாம்பூவுக்குள்ள விடுங்கோ. கோப்பை கழுவிற லிக்குவிட் எண்ணெயை வெட்டச் செய்தது. மெழுகையும் அது நலிவாக்கும்.

2. இரும்புத் தூளுக்கு இருக்கிற ஸ்பிறே அடிச்சா ஊதா நிறத்தில வழியும். மணம் அழுகின முட்டை மாதிரி, பயப்படாதேங்கோ. வெளிப்புற லண்டனில கன இடத்தில தெரு வடிகால் நேரா ஆத்துக்குப் போகுது, அளவா அடியுங்கோ.

3. கையில ஒரு மெல்லிய பிளாஸ்ரிக் பையைப் போட்டுக்கொண்டு பொனற்றைத் தடவிப் பாருங்கோ. மண் தாள் மாதிரி சொரசொர எண்டா களி வேணும், கிளே பார் எண்டு விக்கும். எப்பவும் வழுக்கும் திரவத்தோட மட்டும். நிலத்தில விழுந்த களியை எறியுங்கோ. அதில ஒட்டின மண் காரைக் கீறும்.

4. சீலன்ற் போடுறதெண்டா பனல் வைப்பால, அதாவது அல்ககோல் கலந்த திரவத்தால, ஒருக்காத் துடையுங்கோ. எண்ணெய் இருந்தா பொலிமர் பிடிக்காது. வாக்ஸுக்கு இது கட்டாயம் இல்லை.

5. நிழல். பொனற்றில புறங்கையை வைச்சா குளிரவேணும். ஒரு நேரத்தில ஒரு பனல். போனை வீட்டுக்குள்ள வைச்சிட்டு வாங்கோ. இது அனுபவத்தில சொல்லுறன்.

6. மெல்லிசா. தோசைக்கல்லில எண்ணெய் தடவிற மாதிரி. இருக்கு எண்டு தெரியவேணும், ஓடக்கூடாது. கூடப் பூசினா கூடப் பாதுகாப்பு இல்லை, கூடத் துடைப்புத்தான்.

7. விரலால ஒரு கோடு இழுத்துப் பாருங்கோ. சுத்தமாத் தெரிஞ்சா துடைக்கலாம், இழுபட்டா இன்னும் கொஞ்சம் பொறுங்கோ. சில சீலன்றை உடனேயே துடைக்கவேணும். போத்தல் சொல்லுறதைக் கேளுங்கோ. பிறகு லேபிளில சொன்ன மணித்தியாலத்துக்கு மழை படாமல் பாத்துக்கொள்ளுங்கோ. லண்டனில இது கஷ்டமான வேண்டுதல் எண்டு தெரியும்.

8. ரெண்டும் போடுறதெண்டா சீலன்ற் கீழ, வாக்ஸ் மேல. மாறிப் போட்டா மெழுகில பொலிமர் பிடிக்காது.

கோயிலுக்குப் போக முதலா, பிறகா?

புதுக் கார் எடுத்தா ஹைகேற் முருகனோ, விம்பிள்டன் பிள்ளையாரோ, ஈலிங் அம்மனோ, ஒரு பூசை இல்லாமல் எங்கட வீடுகளில ஓடாது. ரயருக்குக் கீழ தேசிக்காய், பொனற்றில சந்தனம், குங்குமம். வீட்டுக்கு வந்து அது காய்ஞ்ச பிறகு ரிசுவால வறட்டித் துடைப்பம். காய்ஞ்ச சந்தனம் ஒரு மெல்லிய மண் தாள். அது முதல் கீறல்.

அதால பூச்சைப் பூசைக்கு முதலே போடுங்கோ. வீட்டுக்கு வந்து ஈரத் துவாயைப் பொட்டுக்கு மேல அஞ்சு நிமிசம் போட்டு ஊற விட்டு, தூக்கி எடுங்கோ, தேய்க்காதேங்கோ. காகத்தின்ர எச்சத்துக்கும் இதே முறைதான், ஆனா அதுக்கு நல்ல நாள் பாக்காதேங்கோ, கண்ட உடனே. வெயில் நாளில சில மணித்தியாலத்திலயே கிளியர் கோட்டில அச்சுக் குத்திவிடும், மெழுகு இருந்தாலும்.

காசுக் கதை

மச்சான் ஒருத்தன் புதுக் கார் எடுக்கப் போன இடத்தில, கையெழுத்துப் போடுற நேரம் "பெயின்ற் புரொடெக்ஷன்" எண்டு சில நூறு பவுண் சேர்த்துவிட்டிருக்கினம். காசாக் கட்டேல்லை, பினான்சுக்குள்ள போட்டிருக்கு. அதாவது, மெழுகுக்கு வட்டி. உத்தரவாதம் இருக்கு எண்டு சொன்னதை வாசிச்சுப் பாத்தா, குறிச்ச இடைவெளியில பராமரிச்ச பதிவு இருந்தால்தான் செல்லும். அவன் அதை ஒரு நாளும் செய்யேல்லை. மேசையில சேர்க்க நிண்டா மூண்டு கேள்வி கேளுங்கோ: பூசிற பொருளின்ர பேர் என்ன, பூச முதல் காரை எப்பிடித் தயார் பண்ணுவியள், உத்தரவாதம் எதால செல்லாமல் போகும்? விடை இல்லாட்டி, 20 பவுண் அளவில ஒரு போத்தலும் ஒரு ஞாயிறும் உங்களுக்குப் போதும்.

லீஸ், பீசீபீ எண்டு எடுத்தவைக்கு இன்னொண்டு. திருப்பிக் குடுக்கேக்க காரை அளக்கிற பட்டியல் இருக்கு. கன லீஸ் கம்பனிகள் பீவீஆர்எல்ஏ சங்கத்தின்ர வழிகாட்டியைத்தான் பாவிக்கினம். காகம் குத்தின அச்சுக்குக் காசு கேக்கலாம். மூண்டு வருசத்தில குடுக்கப்போற காருக்குச் செராமிக் தேவையில்லை. வருசத்துக்கு ரெண்டு தரம் சீலன்ற் போதும்.

இந்தக் கிழமை வீட்டுவேலை

உங்கட பொனற்றை மாஸ்கிங் ரேப்பால மூண்டாப் பிரியுங்கோ. இடப்பக்கம் வாக்ஸ், வலப்பக்கம் சீலன்ற், நடுவில ஒண்டும் இல்லை. ரேப்பை எடுத்துப்போட்டு, ரெண்டு கிழமைக்கு ஒருக்காக் கழுவின பிறகு ஒரே இடத்தில நிண்டு ஒரு படம் எடுங்கோ. எந்தப் பக்கம் முதலில களைக்குது எண்டு உங்கட தெருவும் உங்கட மரமும் உங்கட காகமும் சொல்லும். போத்தலில எழுதின மாதக்கணக்கை விட அந்தப் படம் உண்மை. வொய்ஸ் நோட்டில முடிவைச் சொல்லுங்கோ, அடுத்த எபிசோட்ல போடுவம்.

யாரிஸைக் கேப்பியள். அந்த அண்ணா மெசினை மெல்ல ஓட்டித் திட்டை எடுத்துத் தந்தார். வீட்டுக்குக் கொண்டு வந்து விட்டன். அப்பா வெளியில வந்து பொனற்றில கையை வைச்சு ஒருக்காத் தடவினார். "வடிவா இருக்கு" எண்டார். மைக்ரான் கணக்கை நான் அவருக்குச் சொல்லேல்லை.

இப்ப ஏப்ரலில ஒருக்கா, ஒக்டோபர் கடைசியில ஒருக்கா, ரெண்டுபேரும் சேர்ந்து வாக்ஸ் போடுறம். அவர் பூசுவார், நான் துடைப்பன். மெல்லிசாப் பூசிறதில அவற்ற கையை என்னால வெல்ல ஏலாது. கோப்பை லிக்குவிட்டை விட்டிட்டார். ஆனா ஒவ்வொரு தரமும் அதே கேள்வி: "ஒரு காருக்கு ரெண்டு வாளி என்னத்துக்கடா?"

அடுத்த கிழமை சந்திப்பம்.